அத்தா வறுத்த மீன்

எங்கள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்களில் சாதாரண வேலை பார்த்தவர் யாரும் கிடையாது. லீவில் வருகிறவர்கள் எல்லாரும் மேனேஜர், இல்லாவிட்டால் சூப்பர்வைசர். பாத்திரம் கழுவினேன், மூட்டை தூக்கினேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. கேட்கிறவர்களும் துருவிக் கேட்டதில்லை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; எங்கள் அத்தாவும் மேனேஜர்தான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருக்கும் அவருடைய போட்டோவை நான் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

உண்மையில் அவர் அங்கே ஒரு மீன் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவர். மாவில் தோய்த்த மீனையும், விரல் விரலாக நறுக்கிய உருளைக்கிழங்கையும் பொரித்துக் கொடுக்கும் வேலை. இது அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும்.

நான் ஐந்தாவது படித்தபோது லீவில் வந்தவரைத் திரும்ப அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. பெரம்பலூரில் கூட்டம் அலைமோதும் மீன் சாப்பாட்டுக் கடையில் வறுவல் மாஸ்டர் வேலையை விட்டு நின்றுவிட்டார், முதலாளி ஆள் தேடுகிறார் என்று மாமா வந்து சொன்னார். அத்தா விமானம் ஏற ஒன்பது நாள்தான் இருந்தது. தனியாகப் போய் வேலை கேட்க அவருக்குக் கூச்சம். குடும்பத்தோடு போனால், வேலை கிடைக்காவிட்டாலும் சாப்பிடப் போனதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மாதான் வழி சொன்னாள். இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆன பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, பஸ் ஏறி மீன் சாப்பிடப் போகிறோம் என்பது மட்டும்தான். வெளியூரில் கறி சாப்பிடுவதென்றால் யார் கடை, யார் அறுத்தது என்று பார்க்க வேண்டும். மீனுக்கு அந்தக் கவலை இல்லை.

கடைக்குள் நிற்க இடமில்லை. சாப்பிடுகிறவர் எப்போது எழுவார் என்று நாற்காலிக்குப் பின்னாலேயே ஆட்கள் காத்திருந்தார்கள். அம்மாவையும் என்னையும் திரை போட்ட குடும்ப அறையில் உட்கார வைத்துவிட்டு, "கை கழுவிட்டு வரேன்" என்று போன அத்தா வரவே இல்லை.

இலை வந்தது, சோறு வந்தது, குழம்பும் வந்தது. அம்மா துப்பட்டியின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். திரையைத் தாண்டி அவள் வர மாட்டாள்.

"போய்ப் பாத்துட்டு வாடி. முதலாளிகிட்ட பேசுறாங்களா பாரு."

போனேன். அத்தா அடுப்படி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான் நிக்கிறாங்க" என்றேன் வந்து.

"இன்னுமா கேக்கல?"

"என்னத்த கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல, நீ தின்னு." இரண்டு வாய் தின்பதற்குள் மறுபடியும், "இன்னொரு தடவ போயிட்டு வாடி" என்றாள்.

இப்போது அடுப்படியில் ஒரே புகை. மாஸ்டர் இல்லாமல் யாரோ வறுத்த மீன் கருகி, "என்னய்யா, கரியத் திங்கவா வந்தோம்?" என்று சாப்பிட வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அத்தா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சட்டி முன்னால் நின்றார். மாவைக் கரைத்தார், மீனைத் தோய்த்தார், எண்ணெயில் விட்டார். கை அத்தனை வேகம். எனக்கு அவமானமாக இருந்தது. போட்டோவில் இருந்தவர் வேர்வை ஒழுக இப்படி நிற்கலாமா?

"அத்தா மீன் பொரிக்கிறாங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க." ஓடி வந்து சொன்னேன்.

அம்மா சிரித்தாள். "அப்படியா? முதலாளி என்ன சொல்றாரு? ஓடு, கேட்டுட்டு வா."

மூன்றாம் தடவை போனபோது, தோளில் துண்டு போட்டிருந்த பருத்த முதலாளி ஒரு துண்டு மீனை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

"அடேங்கப்பா! வெளிய மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரியில்ல இருக்கு. பாய், வெளிநாட்டுல இருக்கேன்னீங்களே, அங்க என்ன வேல பாக்குறீங்க?"

அத்தா கையைத் துடைத்துக்கொண்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து 'உள்ளேன்' சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளை நான். அன்று எங்கிருந்துதான் குரல் வந்ததோ.

"எங்க அத்தா மேனேஜர்!"

முதலாளி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மேனேஜரா! நான் ஒரு கூமுட்டை. எங்க கடைக்கு மாஸ்டரா வர்றீங்களான்னு கேக்க இருந்தேன். நல்லவேள, பாப்பா சொல்லிச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க பாய்."

அத்தா என்னைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"அதனால என்னங்க" என்றார் அத்தா. "சும்மா ஒரு ஆசைக்குப் பொரிச்சேன்." சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

அத்தாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியே தட்டோடு திரை வரைக்கும் வந்தார். "மேனேஜர் வூட்டு ஆளுங்க, நல்லா கவனிங்கப்பா" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

அத்தா முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை என் இலையில் வைத்தார். "புள்ள பக்கத்துல நின்னுச்சு."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். எதற்கென்று தெரியாவிட்டாலும் அப்படித் தோன்றியது. அவள் எழுந்து கை கழுவப் போனாள்.

ஒன்பதாம் நாள் கார் வந்தது. அதன் பிறகு அத்தா ஊரோடு வந்து சேரப் பதினொரு வருஷம் ஆனது. கார் வந்த அன்று அம்மா வாசலுக்கு வரவில்லை. மாமா பெட்டியை ஏற்றினார். நான் அழவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, மேனேஜர் போகாவிட்டால் அங்கே கடையே திறக்க மாட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கார் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அத்தா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.