மலை தெரிகிற வீடு

மலையும் கோபுரமும் கண்ணில் படாத இடத்தில் குடியிருப்பவன் திருவண்ணாமலைக்காரனே அல்ல என்று எங்கள் வீட்டில் நம்பினோம். எழுபதுகளில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே அறையும் அடுப்படியுமாக, அப்பா, அம்மா, தம்பி, நான் என நால்வரும் வாடகைக்கு அடைந்துகிடந்தது அந்த நம்பிக்கையினால்தான். மழைக்காலத்தில் சுவர் ஊறும். குழாயில் தண்ணீர் வருவது வீட்டுக்காரம்மாவின் மனநிலையைப் பொறுத்தது. ஆனால் சன்னல் கம்பியைப் பிடித்து எக்கினால் மலை தெரியும்.

வாடகையை உயர்த்த வரும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா முதலில் அந்தச் சன்னலைத்தான் பார்ப்பார்.

"ஜாஸ்தின்னு சொல்லாதம்மா. இந்த வாடகைக்கு மலை தெரியற வீடு வேற எங்க கிடைக்கும்?"

"மலைய நீங்களா கட்டுனீங்க?" என்றாள் அம்மா ஒருமுறை. அப்பா அவசரமாக இருமினார்.

வாடகையைவிட அம்மாவை வதைத்தது கார்த்திகை தீபம். வீட்டுக்காரம்மாவின் உறவினர்கள் வேலூரிலிருந்து வந்து இறங்குவார்கள். நாங்கள் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் சந்தில் குடித்தனக்காரர்கள் எல்லோரும் இதைத் தெய்வ காரியம்போலச் செய்தார்கள். மொட்டை மாடியும் விருந்தினருக்கே. உச்சியில் தீபம் ஏறும் நேரத்தில் அம்மா அடுப்படியில் அவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருப்பாள். வெளியே "அரோகரா" கேட்டதும் கையில் கரண்டியோடு சுவரைப் பார்த்துக் கும்பிடுவாள். சொந்தமாக ஒரு மாடி, தீபத்தன்று எவரையும் கேட்காமல் அதில் ஏறி நிற்பது: அவள் விரும்பியது அவ்வளவே.

எண்பதுகளின் தொடக்கத்தில் மனைத் தரகர் ஒருவர் சைக்கிளில் வந்து, ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் மலிவாக இடம் இருப்பதாகச் சொன்னார்.

"அங்க கட்டிப்புட்டு நரிக்கா வாடகைக்கு விடறது?" என்று அப்பா கேட்டதைச் சந்தே சொல்லிச் சிரித்தது.

சில ஆண்டுகளில் தனி மாவட்டம் வரப்போகிறது, அலுவலகங்கள் அந்தப் பக்கம் போகும் என்று பேச்சு கிளம்பியது. அதே தரகர் இம்முறை மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்பா நாற்காலி போட்டார். விலையைக் கேட்டபின் வந்தவருக்குக் காபி தரச் சொல்ல மறந்துபோனார்.

"கம்மியா எதுவுமே இல்லீங்களா?" என்றாள் அம்மா.

"அடி அண்ணாமலையில இருக்குதும்மா. ஆனா மலைக்குப் பின்னாடி."

அப்பா எழுந்தேவிட்டார். "சாமியோட முதுகப் பாத்துக்கினு எப்படிக் குடும்பம் நடத்தறது?"

"ஊரே சுத்தி வந்து கும்புடுது. உங்களுக்கு மட்டுந்தான் முதுகக் காட்டிக்கினு நிக்குதா?" என்றாள் அம்மா.

தரகர் சிரிப்பை மறைக்கத் தலைகுனிந்து செருப்பைத் தேடினார். அம்மா முன்பணத்துக்குத் தன் வளையல்களைக் கழற்றினாள்.

அடி அண்ணாமலையில் கட்டிய வீடு சிறியது. குடிபோன புதிதில் அப்பா தம் நாற்காலியை வயல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மலையுடன் பேச்சுவார்த்தை இல்லாதவர்போல உட்கார்ந்திருந்தார். முதல் தீபத்தன்று அம்மா விளக்கேற்றிவிட்டு நேரே மாடிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து அப்பாவும் ஏறி வந்தார்.

"நல்லாத்தான் தெரியுது," என்றார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தன் மாடியில் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா காலமாகிவிட்டார். தம்பி சென்னையில் வாடகைக்கு இருக்கிறான். இந்த வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.