பிக் பெண்டில் விட்டுவந்த மோட்டார் சைக்கிள்

1999 அக்டோபரில் டாலஸை ஒட்டிய காப்பெலிலிருந்து மெக்ஸிகோ எல்லையிலுள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியபோது, எங்கள் மூவரில் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவன் செந்தில் மட்டும்தான். அன்வரும் நானும் ஊரில் நூறு சிசி வண்டியோடு நின்றுபோனவர்கள். செந்திலின் மனைவி கவிதாவுக்கு எட்டாவது மாதம் என்பதால் அவன் முதலில் மாட்டேன் என்றான். கவிதாதான் விரட்டினாள். "இப்ப போகலேன்னா அப்புறம் எங்க போகப் போறீங்க? டெலிவரிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. கெளம்புங்க." பக்கத்து அபார்ட்மென்ட் லலிதா ஆன்ட்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஒரு வழி ஏறக்குறைய அறுநூறு மைல். ஒரே நாளில் முயற்சி செய்யாதீர்கள். நாங்கள் வழியில், டெக்ஸஸிலேயே இருக்கும் ஒடெஸாவில் தங்கினோம். மூன்று பேருக்கு ஒரு ரூம், நாற்பத்தைந்து டாலர். அதற்கு அப்பால் பக்கக் காற்று ஆளையே தள்ளும். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் ஹெல்மெட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்ததாக அன்வர் பிறகு சொன்னான். ஃபோர்ட் ஸ்டாக்டன் பெட்ரோல் பங்கில் ஒரு பெரியவர் எங்கள் கறுப்புத் தோல் ஜாக்கெட்டுகளைப் பார்த்து, எந்த கேங் என்று பணிவாக விசாரித்தார். அன்வர் அப்போது ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து தயிர்சாதம் அள்ளிக்கொண்டிருந்தான். பதிலுக்குக் காத்திராமல் அவர் போய்விட்டார்.

பூங்காவை ஒட்டி நாங்கள் தங்கிய டெர்லிங்குவாவில் மொபைல் சிக்னல் கிடையாது. மறுநாள் காலை செந்தில் கடை வாசல் பே-ஃபோனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டான். எடுத்தது லலிதா ஆன்ட்டி.

"நல்லவேளை கூப்பிட்ட. கவிதாவுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சுப்பா. அங்கிள் ஹாஸ்பிடலுக்கு ட்ரைவ் பண்ணிட்டுப் போயிருக்காரு. நான் துணி எடுக்க வந்தேன். சீக்கிரம் வா."

செந்தில் வண்டியில் சாவியை நுழைக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்னால ஓட்ட முடியாதுடா" என்றான். அவன் வண்டியை லாட்ஜ்காரரிடம் விட்டுவிட்டு, அவனை என் பின்னால் ஏற்றிக்கொண்டேன். டாலஸுக்கு விமானம் கிடைக்கும் பக்கத்து ஊர் மிட்லண்ட். அதுவே இருநூற்று நாற்பது மைல்.

ஆல்பைன் போகும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. என் பையிலிருந்து ஜிப்லாக் கவரில் செக்கச்செவேலென்று ஒரு பொடியை எடுத்தார் அதிகாரி. "ஃபுட், சார், ஃபுட்!" என்று கத்தினான் அன்வர். நாயைக் கூட்டிவந்து மோப்பம் பிடிக்கவிட்டார்கள். இட்லிப் பொடியில் மூக்கை வைத்த நாய் அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு, இனி வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. நாங்கள் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம். செந்தில் அழுதுகொண்டிருந்தான். "மை வைஃப்..." என்று ஆரம்பித்து அவனால் முடிக்க முடியவில்லை. மீதியை நான் சொன்னேன். பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தந்த அதிகாரி, மெதுவாகவே போங்கள், குழந்தைக்கு அப்பா வேண்டும் என்றார்.

மிட்லண்ட் விமான நிலையத்தில் செந்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான். மதிய விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் நாங்கள் அங்கிருந்தே மருத்துவமனைக்குக் கூப்பிட்டோம். கவிதாவே பேசினாள்.

"அண்ணா, பொண்ணு! சின்னதாத்தான் இருக்கா, ஆனா கத்துறா பாருங்க. உங்க ஃப்ரெண்ட நர்ஸ் குளிச்சாத்தான் உள்ள விடுவேன்னுட்டாங்க. குளிச்சிட்டு வந்து என் கையப் பிடிச்சாரு, அப்படியே மயங்கி விழுந்துட்டாரு. எல்லாரும் அவரத்தான் பாத்தாங்க."

அன்வர் ரிசீவரை வாங்கினான். குழந்தையின் அழுகைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றான்.

நீங்கள் போவதானால் கோடையைத் தவிருங்கள். ஆல்பைனில் டேங்கை நிரப்பாமல் தெற்கே இறங்காதீர்கள். தங்குமிடத்தின் ஃபோன் நம்பரை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை. இட்லிப் பொடி உங்கள் விருப்பம்.

செந்திலின் வண்டி குளிர்காலம் முழுக்க டெர்லிங்குவாவிலேயே கிடந்தது. மார்ச்சில் ஒரு பிக்கப் டிரக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். கவிதாவும் குழந்தையோடு வந்தாள். பேட்டரிக்கு உயிர் கொடுத்து வண்டியை டிரக்கில் ஏற்றப்போகையில், "இருங்க, சாவியக் குடுங்க" என்றாள்.

"இது கனமான வண்டிம்மா" என்றான் செந்தில்.

"கரூர்ல எங்கப்பா புல்லட்ட யாரு ஓட்டுனதுன்னு நெனச்சீங்க?"

குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். மலையை நோக்கிப் போகும் அந்த நேர்ச்சாலையில் புழுதி மட்டும்தான் தெரிந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்தபடி செந்தில் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினான். பிறகு நின்று சிரிக்க ஆரம்பித்தான்.