மராமத்துன்னு சொல்லிக்கலாம்

சோமனூர்ப் பக்கம் வீட்டில் பழுது பார்க்கிற வேலை எதுவானாலும் அதற்கு ஒரே பேர்தான்: மராமத்து. ஓடு மாற்றினால் மராமத்து, பெயர்ந்த பூச்சை அப்பினால் மராமத்து. பழைய சர்க்கார் காகிதங்களிலிருந்து இறங்கி வந்த உருது வார்த்தை என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கிருந்து வந்தால் என்ன, எங்கள் ஊரில் அதற்கு ஓர் எல்லை போட்டுவைத்திருக்கிறார்கள். இருக்கிறதை இருக்கிறபடியே நிற்கவைத்தால் மராமத்து. தரையைத் தோண்டினால், சுவரை இடித்தால், அது கட்டட வேலை. வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் கட்டட வேலை ஆகவே ஆகாது. மராமத்து என்றால் தோசமில்லை.

கட்டுச்சோறு விருந்து முடிந்து மகளை முதல் பிரசவத்துக்குக் கூட்டி வந்திருந்தோம். எங்கள் வீட்டில் குத்தவைத்து உட்காரும் கக்கூஸ். மகளுக்கோ இடுப்பு வலி. குத்தவைக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் விற்கிற ஓட்டை வைத்த நாற்காலியை வாங்கி மேலே போட்டேன். மூன்றாம் நாள் அதன் கால் வழுக்கி, மகள் குழாயைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தாள். "என்னைய சர்க்கஸ்ல சேத்தி உட்ருங்கப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். பழைய பீங்கானை உடைத்தெடுத்து, ஒன்றரை அடி தோண்டித்தான் வெஸ்டர்ன் வைக்க முடியும் என்றார். சொல்லிவிட்டு, வாசற்படியில் நின்ற என் மனைவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மராமத்துன்னு சொல்லிக்கலாமுங்கக்கா. ஒண்ணும் ஆவாது."

"பேர மாத்திப்போட்டா குழியோட ஆழம் கொறைஞ்சுருமாங்க தம்பி?" என்றாள் அவள்.

கொத்தனார் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. மகளுக்கும் தெரியாது. முப்பது வருசத்துக்கு முன்னால் வீட்டை ஒட்டி முதல் விசைத்தறியை இறக்கத் தரையைத் தோண்டினோம். அப்போது என் மனைவி ஆறு மாசக் கர்ப்பம். வேண்டாம் என்று சொன்னவர்களிடம், வீட்டுக்குள்ளேயா தோண்டுகிறோம், தரையை மராமத்துப் பண்ணுகிறோம் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தவன் நான்தான். அந்த வாரமே குழந்தை தங்காமல் போயிற்று. டாக்டர் வேறு காரணம் சொன்னார். நான் அதை நம்பினேன். அவள் எதை நம்பினாள் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் இந்த வீட்டில் எத்தனையோ மராமத்து நடந்தாயிற்று; அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து ஒருதரம்கூடக் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு வாரம் இப்படியே போனது. மகள் எழுந்திருக்கும் போதெல்லாம் மனைவியும் கூடவே போய், இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். திரும்பி வந்து மூட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் தோண்டலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிறகு மகளுக்குக் கால் வீங்கியது. போய்க் காட்டினால், தண்ணியே குடிக்கறதில்லையா என்று டாக்டரம்மா திட்டினார். அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்று பயந்து, அவள் தம்ளரை வாயில் வைத்து நனைத்துவிட்டுக் கீழே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "கொத்தனார வரச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலையிலேயே மகளைக் கருமத்தம்பட்டியில் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். கொத்தனார் உளியையும் சுத்தியையும் எடுத்து வைத்ததும் கையை நீட்டினாள்.

"அதக் குடுங்க தம்பி. மொத அடி நான் போடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் போடுகிறேன் என்று குனிந்தேன்.

"நீங்க ஒருக்கா தோண்டுனது போதுமுங்க" என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "வர்றது வந்தா எனக்கு வரட்டும். அவளுக்கு வேண்டாம்."

மூன்றாவது அடியில்தான் பீங்கான் விரிசல் விட்டது. சுத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். இடிபாட்டை நான்தான் கூடையில் அள்ளிக் கொட்டினேன்.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. மகள் திரும்பி வந்துவிட்டாள், தண்ணீரும் குடிக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. விடிந்ததும் மனைவி அவள் வயிற்றில் கையை வைத்துக் காத்திருக்கிறாள். அசைவு தெரிகிற வரைக்கும் தறியைப் போடக் கூடாதாம், அந்தச் சத்தத்தில் ஒன்றும் புரியாதாம். நானும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து அவள் குரல் வரட்டும் என்று.