வரப்புப் புல்லின் எடை

நெல்லைத் தவிர வேறெதையும் பயிர் என்று ஒப்புக்கொள்ளாத ஊர்ப்பக்கம் என்னைப் புல் ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். குடவாசலுக்குப் பக்கத்தில் வேலை. "புல்லைப் பிடுங்குற ஊருல புல்லை வளக்க வந்திருக்காரு பாரு" என்று டீக்கடையில் என் காதுபடவே சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். குடிக்கிற டீயில் இருக்கும் பால் எங்கிருந்து வருகிறதாம் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு போவேன்.

அது வரப்புப் புல்லிலிருந்துதான் வந்தது. சம்பா நட்டுவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான். மாட்டை அவிழ்த்துவிட இடமே கிடையாது. நிலமில்லாத கூலிக்காரப் பெண்கள் வேலை முடிந்து திரும்பும்போது மிராசுதாரின் வரப்பில் புல் அறுத்து, கட்டாகத் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். இதற்கு யாரும் அனுமதி கேட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை. வழக்கம், அவ்வளவுதான். அப்படி ஒரே ஒரு பசுவை வளர்த்துவந்த பெண் ஒருத்தியிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவள் கட்டைத் தினமும் வழிமறித்துத் தராசில் வைத்தேன். அருகு எவ்வளவு, கோரை எவ்வளவு என்று பிரித்து எழுதுவேன்.

"தின்னப்போற புல்லுக்கு எடை எதுக்கு சார்? சீக்கிரம் விடுங்க, மாடு கத்தும்" என்பாள்.

இரண்டு சம்பா இப்படி எழுதி முடித்தபின், அந்த வயல்களின் மிராசுதார் என்னை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்தார். அந்தப் பக்கத்தில் என் வேலையைப் பற்றி அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டை விரித்து, அவர் வரப்பிலிருந்து எத்தனை மாடுகளுக்குத் தீனி போகிறது என்று கூட்டிக் காட்டினேன்.

"இவ்வளவா?" என்றார். "நம்ம வரப்புலேர்ந்தா? எனக்குத் தெரியாமப் போச்சே!"

பெருமை பிடிபடாமல் அறைக்குத் திரும்பினேன். மடையன்.

அடுத்த சம்பாவில் கூலித் தகராறு முற்றியது. ஆட்சி மாறியதிலிருந்து நில உச்சவரம்பு, குத்தகை, கூலி என்று ஊரெல்லாம் இதே பேச்சு. கூலியாட்களின் சங்கத்தார் கூடுதலாக ஒரு படி நெல் கேட்டார்கள். கிடைக்காததால் களையெடுப்புக்கு யாரும் இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். கூடவே தண்டோரா போட்டார்: வேலைக்கு வராத வீட்டுப் பெண்கள் அவர் வரப்பில் கால் வைக்கக் கூடாது. முந்தைய தகராறுகளில் அவருக்குத் தோன்றாத யோசனை இது. எப்படித் தோன்றியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

நாலாம் நாள் அந்தப் பெண் வந்தாள். அவள் புருஷன் சங்கத்தில் இருந்தான். அவள் மட்டும் வேலைக்குப் போக முடியாது.

"மாடு நிறைசெனை சார். வீட்ல வைக்கோலும் இல்ல. எலும்பு தெரியுது. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லுங்க."

என் ஆராய்ச்சிப் பாத்திகளில் இருந்த புல்லையெல்லாம் அறுத்துக் கொடுத்தேன். பாத்திகள் பாய் விரிக்கிற அகலம்தான். ஒரு வாரம்கூட வரவில்லை. பிறகு மிராசுதாரிடம் போனேன். அவளுக்காக நேராகக் கேட்கத் துணிவில்லை. அரசாங்க வேலை, சங்கத்து ஆள் என்று முத்திரை விழுந்துவிடுமே என்ற பயம். கோழைக்கு விஞ்ஞானம் கைகொடுக்கும் என்று நினைத்தேன்.

"வரப்புல புல் மண்டினா நாவாய்ப்பூச்சி தங்கும் சார். பால் பிடிக்கிற நேரத்துல உறிஞ்சிட்டா கதிரெல்லாம் பதராயிடும். பொம்பளைங்களை அறுத்துக்க விட்டுடுங்க."

"நல்லவேளை சொன்னீங்க" என்றார் அவர். நான் சொன்னதை நிஜமாகவே நம்பினார்.

மறுநாள் காலை வெளியூர் ஆட்கள் மண்வெட்டியோடு வரப்பில் இறங்கினார்கள். புல்லை வேரோடு செதுக்கிச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். மேட்டு வரப்பு, குறுக்கு வரப்பு, வாய்க்கால் கரை, ஒன்றையும் விடவில்லை. நான் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? என்னைக் கண்டதும் மிராசுதார் குடையைத் தூக்கிக் காட்டினார்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். பசுவை மாட்டுத் தரகர் வந்த விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"செனையோட போயிடுச்சு சார். இங்க இருந்தா வயித்துக்குள்ளயே கன்னு செத்திருக்கும்."

சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். நோட்டைக் காட்டியது நான்தான், வரப்பைச் செதுக்க வைத்ததும் நான்தான் என்று தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் பேசினாள்.

"நீங்க போய்ப் பேசினீங்கன்னு மிராசுதாரோட காரியக்காரர் சொன்னாரு. எங்களுக்காக அந்த வாசல்ல போய் நின்னது நீங்க ஒருத்தர்தான் சார்."

சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.