ஒரு மரணச் செய்தியைப் போட்டதும் எடுத்ததும்

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மதியங்களில் பத்திரிகைத் தொழில் சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரு அறை, ஒன்பது பிள்ளைகள், ஒரு கம்ப்யூட்டர். இருபது வருஷம் தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவள் என்பதுதான் என் தகுதி. அந்தப் பெட்டியின் எந்தப் பொத்தானை அமுக்கினால் உயிர் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது. பாடத்தின் பெயரோ ‘இணையத்துக்குச் செய்தி எழுதுவது’. என்ன கூத்து பாருங்கள்!

கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தது கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண். வார நாள்களில் துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. அவள்தான் வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எந்த ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்று வாரம் நாலைந்து செய்தி போடுவோம். படிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் மெல்பர்னில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், ஊர்ச் செய்தி கேட்டு அடிக்கடி மின்னஞ்சல் எழுதுவார். இரண்டு எழுத்தில் கையெழுத்துப் போடுவார். எந்த வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கும்போதே கிள்ளான் பெண் ஒரு சேதியோடு வந்தாள். அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் காலையில் தவறிவிட்டாராம். மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்னவர்.

“சொன்னாங்கன்னு எழுதாத. வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வா” என்றேன். இருபது வருஷமாக எல்லோரிடமும் கத்தியதை அவளிடமும் கத்தினேன்.

போனாள். இறந்தவரின் மருமகனிடம் பேசினாள். பெயர், வயது, ஞாயிறு மதியம் தகனம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேப்பரில் வர நாளைக் காலை ஆகும், நாம் இப்போதே போடலாமே! மூன்று மணிக்குப் போட்டோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

அதோடு விட்டேனா? துக்கம் விசாரிக்கிற சாக்கில் நானே அந்த வீட்டுக்குப் போனேன். பத்திரிகையை முந்திக்கொண்டோம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் இப்போதே படிக்கலாம் என்று மருமகனிடம் பெருமை அடித்தேன். துக்க வீட்டில் போய்!

மனிதர் முகம் வெளுத்துவிட்டது. யாழ்ப்பாணப் பேச்சு மாறாத குடும்பம் அது.

“ஐயோ டீச்சர், பேப்பருக்கு எண்டல்லோ நினைச்சு எல்லாம் சொன்னனான். மெல்பர்ன்ல இருக்கிற மச்சானுக்கு இன்னும் சொல்லேல்லை. அம்மாவுக்குச் சீரியஸ், உடன வா எண்டுதான் சொல்லப்போறம். தனியாப் பிளேன்ல வாற ஆள், தாங்கமாட்டான். எடுங்கோ, உடன எடுங்கோ!”

அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நம்மில் யார்தான் தூரத்தில் இருப்பவனுக்குச் சாவை நேரடியாகச் சொல்லியிருக்கிறோம்? என் அப்பா போனபோது எனக்கும் ‘லேசா காய்ச்சல்’ என்றுதான் ஈப்போவுக்குப் போன் வந்தது. பொய் என்று தெரியும். தெரிந்தும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். அது நம்முடைய கரிசனம், அதைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது.

மூச்சிரைக்கப் படியேறி, “எடு அதை!” என்றேன்.

“டீச்சர், யாராச்சும் ஏற்கெனவே பாத்திருந்தா? ஏன் எடுத்தோம்னு ஒரு வரியாச்சும் போடலாமே” என்றாள் கிள்ளான் பெண்.

“வாய் பேசாம எடுடி!”

எடுத்துவிட்டாள். எல்லாம் ஒரு நிமிஷ வேலை. அச்சிட்ட பேப்பர் என்றால் லோரியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். இங்கே சுவடே இல்லை. நல்ல வசதிதான் என்று நினைத்து ஒரு தேநீர் குடித்தேன்.

நாலரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது. எங்கள் மெல்பர்ன் வாசகர். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தன் அம்மா இறந்துவிட்டதாக எங்கள் பக்கத்தில் படித்தாராம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பவும் திறந்தால் செய்தியைக் காணோமாம். பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்தால், சீரியஸ்தான், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே வா என்றார்களாம். ‘உயிரோடு இருப்பவரை நீங்கள் சாகடித்துவிட்டீர்கள். ஆனாலும் தவறு என்று தெரிந்ததும் எடுத்துவிட்டீர்களே, அதற்கு நன்றி. இன்றிரவு விமானத்தில் வருகிறேன்’ என்று முடித்திருந்தார்.

“அலாமாக், ஐயோ!” என்றாள் அவள். “டீச்சர், நமக்கு நன்றி சொல்றாரு. பதில் எழுதிடவா? நாம போட்டது நிஜம்னு?”

அவர் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

“அது குடும்ப விஷயம். நாம தலையிட வேணாம்லா” என்றேன்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

ஞாயிறு காலை துக்க வீட்டுக்கு நான் போனபோது அவள் எனக்கு முன்பே வந்து நின்றாள். முதல் ரயிலைப் பிடித்து வந்திருக்கிறாள். தெருவில் கூடாரம் போட்டு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. விமான நிலையத்துக்குப் போயிருந்த மருமகன், ‘முதல்ல வீட்டுக்குப் போய்ட்டு ஆஸ்பத்திரிக்குப் போவம்’ என்று சொல்லியே எங்கள் மெல்பர்ன் வாசகரைக் கூட்டி வந்தாராம். காரிலிருந்து இறங்கியவர் கையில் ஒரு பை. ஆஸ்பத்திரித் தரையில் அம்மாவுக்கு வழுக்காமல் இருக்க மெத்தென்ற செருப்பு வாங்கி வந்திருந்தார். கூடாரத்தைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். உள்ளே பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

யாருமே அவர் அருகில் போகவில்லை. இவள் போனாள். நான் தடுப்பதற்குள் போய்விட்டாள்.

“அங்கிள், அந்தச் செய்தியை எழுதினது நான்தான். மன்னிச்சிருங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் போட்டது உண்மைதானே, பிள்ளை? நான் நம்பினனான். இருந்து அழுதனான். பிறகு எடுத்தீங்கள். அதையும் நம்பினனான்.”

அவள் தலை கவிழ்ந்தது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இந்தப் பெண் சரியாகக் கேட்டாள், சரியாக எழுதினாள், எடுக்கும்போதும் சரியாகத்தான் சொன்னாள்.

“எடுக்கச் சொன்னது நான், தம்பி. ஒரு வரியாவது போடுவோம்னு அவ கேட்டா. நான்தான் வாயை அடைச்சேன். உங்களுக்குப் பதில் எழுதவான்னும் கேட்டா. அதையும் நான்தான் வேணாம்னேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பிளேன் முழுக்கக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தனான், டீச்சர்” என்றார். செருப்புப் பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.