நான் வாசித்த வெள்ளம்

என் மாமனாருக்கு வேலூரில் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவர் பேப்பரை மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தார். தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கிட்டத்தில் எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றார். படிக்கிற கண்ணாடிக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். அதுவரை நான் படித்துக் காட்ட வேண்டுமாம். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோறு இல்லாமல் இருப்பார், பேப்பர் இல்லாமல் இருக்கமாட்டார். என் கணவர் தோல் லாரியோடு கான்பூர் பக்கம் போயிருந்தார். வீட்டில் நானும் மாமாவும்தான். 

எனக்குப் படிக்க வராது. பள்ளிக்கூடம் போகாதவள் இல்லை. பத்தாவது வரை போனேன், தட்டுத்தடுமாறிப் பாஸும் ஆனேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் சொல்லிவிடுவேன். அவை வரிசையில் நின்றால்தான் வம்பு. கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். முட்ட வருகிற மாட்டைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அந்தக் கொம்பைச் சுற்றிக்கொண்டு போவதற்குள், முந்தின சொல் என்ன என்பது போய்விடும். அதனால் ஒரு சொல்லின் தலையையும் வாலையும் பார்ப்பேன், நடுவில் உள்ளதை ஊகிப்பேன். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரத்துக்கு வாய் இருக்கிறது.

ஞாபகமும் அப்படித்தான். நான்கு தம்ளரை ஒரே கையில் பிடித்து வருகிறவர்கள் உண்டு. என் மனசு இரண்டைப் பிடிக்கும். மூன்றாவதை நீட்டினால் முதலாவது விழும். கடைக்குப் போய், வந்தது எதற்கென்று தெரியாமல் தக்காளியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரம் ஒன்றும் மோசமில்லை. கனவிலிருந்து பாதி எழுந்த மாதிரி, தக்காளியின் சிவப்பு மட்டும் உலகத்தில் இருக்கும். பிறகு யாராவது இடித்துக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் கேள்விப்பட்டு எனக்கு வல்லாரைக் கீரை வாங்கிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கீரையைக் கண்டாலே இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

நான் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பேச வந்த ஒரு டாக்டரம்மாதான் எனக்கு இருப்பதற்குப் பெயர் உண்டு என்று சொன்னார். டிஸ்லெக்சியா. தமிழில் கற்றல் குறைபாடு. எந்த ற எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெயர் வைத்தவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டு வைத்திருக்கலாம். கம்பெனியில் தையலைச் சோதிக்கிற வேலை, கையும் கண்ணும் போதும். என் கணவருக்கு எல்லாம் தெரியும். மாமாவுக்கு மட்டும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, பேப்பர் படிப்பியாம்மா என்பதுதான். நான் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் அவருக்கு நான் படித்த மருமகள். அந்தப் பெயர் போய்விட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று வருஷக்கணக்காக பயந்துகொண்டிருந்தேன்.

அதனால் படித்தேன். பெரிய எழுத்தில் இருப்பதைத் தட்டிக்கொட்டிச் சொல்வேன். படம் இருந்தால் படத்தைப் பார்ப்பேன். மீதி எங்கிருந்தோ வரும். சோளிங்கர் மலையில் ஒரு குரங்கு பக்தரின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தது. திமிரிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக் குதிரை, மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு தன் பழைய கொட்டகைக்கே போய்விட்டது. சொல்லும்போது குதிரையின் நெற்றிச் சரிகை எனக்கு வெயிலில் மினுங்கும். நம்ம ஜில்லாவில் இவ்வளவு நடக்கிறதா என்று மாமா வாய்விட்டுச் சிரிப்பார். மறுநாள், அந்தக் குதிரை என்ன ஆயிற்று என்று கேட்பார். எந்தக் குதிரை என்று நான் முழிப்பேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருந்தச் சொல்ல, நேற்று சொன்னது ஞாபகம் இருக்க வேண்டுமே.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆந்திரா பக்கம் நல்ல மழை என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுப்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. முதல் சொல் வேலூர். கடைசியில் வரத்து, அதிகரிப்பு. இடையில் கொம்பு வைத்து ஒரு சொல். வரத்து என்றால் நீர்வரத்துதானே. வெள்ளம் வரத்து அதிகரிப்பு என்று வாசித்தேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலாற்றிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்றார். வாய் நிற்கவில்லை. ஆந்திரா எல்லையில் தடுப்பணை நிரம்பி வழிகிறது, விடிகாலையில் வாணியம்பாடியைத் தாண்டிவிட்டது, மாமா. அவர் எழுந்து சட்டையைத் தேடினார்.

"போன தடவை வெள்ளம் வந்தப்போ கண்ணுல புரை. ஊரே போய்ப் பாத்துச்சி. நான் பாலத்துல நின்னு சத்தம்தான் கேட்டேன். வா, போய் பாத்துட்டு வந்துர்லாம்."

தெருமுனை டீக்கடையில் நின்று, பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நடந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, மடித்துக் கட்டிய வேட்டி, மாப்பிள்ளை நடை. நான் பின்னாலேயே போனேன். இப்போது சொல்லிவிடலாம், அந்த மின்கம்பம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கம்பம் வரும்போது எதற்காக அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்பது மறந்திருக்கும். ஞாயிறு என்பதால் தோல் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. பனியில் தோல் வாடைகூடக் கம்மியாக இருந்தது. எங்கோ பிரியாணிக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. நடக்க நடக்க எனக்கே சந்தேகம் வந்தது. அந்தத் தடுப்பணையை நான் படித்தேனா, நானாகச் சொன்னேனா? நிஜமாகவே தெரியவில்லை. பாலத்தை நெருங்கியபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மண் நிறத்தில், நுரையோடு, ஒரு செருப்பை மிதக்கவிட்டுக்கொண்டு அது வருவதைப் பார்த்தேன் என்றே சொல்வேன். வந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

நான் கேட்டது நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் சத்தம். ஆற்றில் மணல் கிடந்தது. சீமைக் கருவேலம், நடுவில் கறுப்பாக ஒரு சாக்கடைக் கோடு. மாமா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெகுநேரம் பார்த்தார். புதுக் கண்ணின் மேல்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தண்ணி வர்ல மாமா. நான் தப்பா படிச்சிட்டேன். எனக்குப் படிக்கவே வராது. இத்தினி நாளா பாதிக்கு மேல நானா சொன்னதுதான்."

"அந்தக் குதிரையுமா?"

ஆமாம் என்றேன். அவர் முகம் சிவந்தது. அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா என்று முணுமுணுத்துக்கொண்டு, பாலத்தில் கொஞ்சதூரம் தனியாக நடந்து போனார். அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார், இனி என்னிடம் பேசமாட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தார். புரை இருந்தபோது அவருக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்ததாம், உனக்கும் அப்படியா என்றார். கலங்காது, தெளிவாகத் தெரியும், ஆனால் மனசில் நிற்காது என்றேன். எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், புத்தி சொல்லியிருக்கிறார்கள். எழுத்து உனக்கு எப்படித் தெரிகிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"எனக்கு வேலூர்ல ஆபரேஷன் பண்ணி சரி பண்ணிட்டாங்க. உனக்கு எங்கம்மா பண்ணுவாங்க?"

"இதுக்கு ஆபரேஷன் இல்ல மாமா. பொறந்ததிலேர்ந்து இப்படித்தான். இப்படியேதான் இருக்கும்."

மாமா என் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்துகொண்டு மணலையே பார்த்தார். எனக்காக ஒருவர் வருத்தப்படுகிறார் என்பது தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் திரும்பி நடந்தோம்.

டீக்கடையைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக வழியில்லை. தண்ணீர் எந்த மட்டும் வந்திருக்கிறது என்று கடைக்கார பாய் தூரத்திலேயே கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குள் கடைப் பேப்பரைத் துழாவிக் கண்டுபிடித்திருந்தார்கள். பாய் அதை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: வேலூருக்கு வெல்லம் வரத்து அதிகரிப்பு. கார்த்திகை தீபத்துக்கு மண்டியில் வந்து இறங்கிய வெல்லத்தை, பெரியவர் ஆற்றில் தேடிவிட்டு வருகிறார் என்றார். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. அதில் ஒருவர் மட்டும் சிரிக்காமல், உங்களுக்கு இதைப் படித்துச் சொன்னது யார் என்று கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். 

"என் மருமவ வெல்லம்னு கரெக்டாத்தான் படிச்சா," என்றார் மாமா. "எனக்குத்தான் வெள்ளம்னு விழுந்துச்சி. இப்பல்லாம் காது சரியா கேக்கறதில்ல."

கண் முடிந்தது, அடுத்தது காதுக்கு வேலூர் போக வேண்டியதுதான் என்று ஒருவர் கிண்டல் செய்தார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு டீ சொன்னார். தெருவில் ஆட்டோ திரும்பும்போதே அது யாருடைய ஆட்டோ என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்லிவிடுகிற மனிதர் அவர். அன்றிலிருந்து டீக்கடையில் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசுகிறார்கள். அவரும் கையைக் காதோரம் குவித்துக்கொண்டு, இன்னா, இன்னா என்று இன்னொரு தடவை கேட்கிறார்.