நெளிவு எழுதுகிறவர்

2024 ஜனவரி 13, சனிக்கிழமை, காலை 7.10. இடம்: கொட்டாஞ்சேனையில் ஓர் உதைபந்தாட்ட மைதானம். பெயர்: ஆர். புஷ்பராஜ். வயது: 47. பிறந்த ஊர்: மஸ்கெலியா. தொழில்: ஒருகொடவத்தைக் கன்டெய்னர் யாட் ஒன்றின் வாசலில் சோதனை. கழகத்தில் பொறுப்பு: முதலுதவி. அவருக்கு முன்னால் பத்தொன்பது வீரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முதலாமவர் கண்ணை மூடி, ஒற்றைக்காலில் நின்று, டிசம்பரிலிருந்து ஜனவரி வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்கிறார்.

பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு தலையையும் அதன் நல்ல நிலையில் எழுதி வைப்பது புஷ்பராஜின் வழக்கம். ஒற்றைக்காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது, மாதங்கள் எங்கே தடுக்குகின்றன, சொல்லிக்கொடுத்த ஐந்து சொற்களில் ஐந்து நிமிடத்தின் பின் எத்தனை மிஞ்சுகின்றன என்பதெல்லாம் தடித்த அட்டைச் சீஆர் கொப்பியில் ஆளுக்கு ஒரு தாளாக ஏறும். தமிழில் தடுமாறுகிறவர் சிங்களத்தில் சொல்லலாம். எந்த மொழி என்பதும் குறிக்கப்படும். சென்ற ஆண்டு நால்வர் அந்த ஐந்து சொற்களை மணிக்கட்டு பிளாஸ்டரில் எழுதிக்கொண்டு வந்தார்கள். அன்றுமுதல் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. “அண்ணே, பொண்ணு பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறீங்க” என்று வரிசையில் யாராவது சீண்டுவார்கள். “பொண்ணு ஒழுங்கா நிக்கும்” என்பார் தலை நிமிராமலே.

யாட்டில் அவர் செய்வதும் இதே வேலைதான். உள்ளே வரும் ஒவ்வொரு கன்டெய்னரையும் சுற்றி நடந்து, பழைய நெளிவுகளைப் பக்கம் பக்கமாகக் குறித்த பின்பே வாயிற்கம்பியை உயர்த்த விடுவார். “பெட்டி உள்ள வர்றப்போ எங்கெங்க நெளிஞ்சிருக்குன்னு எழுதிடணுங்க. எழுதலன்னா, வெளிய போறப்போ பழசு எது, புதுசு எதுன்னு கடவுளுக்கும் தெரியாது.”

இந்த நியாயம் தலைக்கும் பொருந்தும் என்பதை அவர் பிந்தித்தான் கண்டார். 2019 பெப்ரவரி 10 அன்று, முச்சக்கரவண்டி ஓட்டும் இப்ஹாமின் கன்னப்பொறியில் எதிரணி முழங்கை ஒன்று இறங்கியது. புஷ்பராஜ் ஐஸ் வைத்தார். எத்தனை விரல் என்று கேட்டார். இப்ஹாம் மூன்று என்று சரியாகச் சொன்னார். மேலும் முப்பத்தொரு நிமிடம் ஆடிவிட்டு, வீடு திரும்பும் வான் வண்டியில் வாந்தி எடுத்தார். அதன்பின் பதினான்கு மாதம் பகல் வெளிச்சம் அவருக்கு ஆகவில்லை. வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டார். உள்ளே திரும்ப அனுப்பிய கை தன்னுடையது என்பதை புஷ்பராஜ் எவரிடமும் மழுப்பியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து ஒரேயொரு விதி கேட்டார்: தலையில் அடிபட்டவர் மீண்டும் இறங்குவது முதலுதவியாளர் சம்மதித்தால் மட்டுமே. சிரிப்புக்கிடையே அது நிறைவேறியது.

ஆட்டத்தின்போது அவர் பந்தைப் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி பால் கலக்காத பிளேன்டீ குடித்துக்கொண்டு, இருபத்திரண்டு தலைகளையும் பார்த்திருப்பார்.

அந்த ஜனவரியில் அவரை ஏமாற்ற முயன்றவர் பின்கள வீரர் அகீல். ஐந்து சொற்களில் இரண்டைத்தான் சொன்னார். முதலிலேயே குறைத்துச் சொல்லி வைத்தால், பிறகு அடிபட்டாலும் கணக்கு ஒத்துவரும் என்பது அவர் போட்ட திட்டம். பிற்பாடு நடந்ததை அகீலே இன்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். தைப்பொங்கலன்று யாட்டுக்கு விடுமுறை. பொங்கிய கையோடு புஷ்பராஜ் கிராண்ட்பாஸில் அகீல் வேலை செய்யும் ஹாட்வெயார் கடைக்குப் போய், பித்தளைப் பூட்டு, சான்ட் பேப்பர், பல்ப் ஹோல்டர், கம்பிவலை, அரை அங்குல ஆணி என்று ஒரே மூச்சில் கேட்டார். அகீல் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இடையில் இரண்டு வாடிக்கையாளரைக் கவனித்து, மாடிக்கு ஏறி இறங்கி, ஏழு நிமிடத்தில் ஐந்தையும் மேசையில் வைத்தார். புஷ்பராஜ் கொப்பியை விரித்தார். ‘இரண்டு’ என்பதை வெட்டி ‘ஐந்து’ என எழுதிக் கையொப்பம் வாங்கினார். பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஓகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று என்று கோல்கள் சமம். மாற்று வீரர்கள் மூவரும் இறங்கியாகிவிட்டது. மூலை உதையில் அகீலின் நெற்றியும் எதிரணி வீரரின் நெற்றியும் மோதின. அகீல் ஒன்பது விநாடி அசையவில்லை. பிறகு எழுந்து ஓடவும் தொடங்கினார். புஷ்பராஜ் மத்தியஸ்தரிடம் சொல்லி அவரைக் கோட்டுக்கு வெளியே இருத்தி, ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்.

எல்லோரும் ‘நானா’, அதாவது அண்ணன், என்றழைக்கும் கழக முகாமையாளர் பௌஸிக்கு நிலைகொள்ளவில்லை. “பத்துப் பேரோட எப்பிடி வெளாடுற, புஷ்பராஜ்? அவன் நல்லாத்தானே ஈக்கான். ஓடினானே.”

“ஓடுறது காலுங்க, நானா. நான் காலப் பாக்கல.”

ஐந்து நிமிடம் கழிந்தது. அகீல் சொன்னார்: “ஏணி... கடுகு.” அதற்குமேல் வரவில்லை. ஆயினும் அவர் முகம் மலர்ந்திருந்தது. “ஜனவரிலயும் ரெண்டுதானே, அண்ணே. சரிதானே. விடுங்க.”

புஷ்பராஜ் கொப்பியில் அகீலின் தாளைப் புரட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “பொங்கலன்னிக்கு நான் கடைக்கு வந்தேனே, அகீல். பூட்டு கேட்டேனே.”

“எந்தக் கடைக்கி?”

இருபத்தொரு நிமிடம் மீதமிருந்தது. அகீல் எழ முயன்றார். தன்னை விடும்படி மன்றாடினார். புஷ்பராஜ் புல்லில் முழந்தாளிட்டு, அகீலுடைய இரண்டு பூட்ஸின் நாடாக்களையும் அவிழ்த்துக் கழற்றித் தன் பைக்குள் வைத்தார். பௌஸி தாமாகவே போய் முச்சக்கரவண்டி ஒன்றை மறித்தார். உள்ளே பத்துப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வழியில் இரண்டு தடவை புதிய ஐந்து சொற்கள் கொடுக்கப்பட்டன. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியிலிருந்த இளம் வைத்தியர், என்ன நடந்தது என்று கேட்டார். புஷ்பராஜ் கொப்பியிலிருந்து அகீலின் தாளை ஓரம் பிசகாமல் கிழித்து, இரு கைகளாலும் நீட்டினார்.

ஜனவரி: ஐந்து. 4.38: இரண்டு. 4.50: இரண்டு. 5.02: ஒன்று.